கல் எடை நீங்கலாக

என் இடது கட்டைவிரல் நகத்தைப் பார்த்துத்தான் அவர் கேட்டார். எங்கள் கிளையின் ஏ.டி.எம். வாசலில் இரவுக் காவலுக்கு வருகிற பெரியவர். நான் கணக்கை முடித்துவிட்டுக் கிளம்புகிற நேரத்தில் அவர் வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டு வருஷமாக எங்களுக்குள் ஒரு தலையசைப்போடு சரி. அன்று அவருடைய வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அதிகாரி இல்லாததால் நான் போட்டேன். பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டவர், "சார் கல்லு தேய்க்கிறீங்களா?" என்றார்.

நகம் ஒரு பக்கமாகச் சரிந்து மழுங்கியிருந்தது. ஓரத்தில் மெருகுப் பொடியின் வெளிர்ச் சிவப்பு. என் மனைவிகூட இதைக் கவனித்ததில்லை. வங்கியின் கைரேகைக் கருவி மட்டும் கவனித்திருக்கிறது. திங்கட்கிழமைகளில் அது என் விரலை லேசில் ஏற்றுக்கொள்வதில்லை. ஆமாம் என்றேன். எந்தப் பட்டறை என்று கேட்டார். பட்டறை இல்லை, வீட்டில்தான், சும்மா பொழுதுபோக்காக என்றேன். அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இருபத்தாறு வருஷம் பட்டை தீட்டியவர் அவர்.

திருச்சியை மலைக்கோட்டையாகவும் கல்லூரிகளாகவும் மட்டும் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். இந்த ஊரிலும், சுற்றியுள்ள கிராமங்களிலும், புதுக்கோட்டைப் பக்கத்திலும் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது பல பத்தாண்டுகள் குடிசைத் தொழிலாக இருந்தது. 1902இல் வெர்னேல் என்ற பிரெஞ்சு ரசாயனி ஒரு முறையை வெளியிட்டார். அலுமினிய ஆக்ஸைடுப் பொடியைச் சுடர் வழியாகச் சொரிந்து உருக்கி, சொட்டுச் சொட்டாக ஒரு கட்டியாக வளர்ப்பது. சிறிது குரோமியம் சேர்த்தால் மாணிக்கம். போலி என்று இதைச் சொல்லிவிட முடியாது. ரசாயனத்திலும் கடினத்திலும் மண்ணுக்குள் விளைந்த மாணிக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. உள்ளே வளர்ச்சிக் கோடுகள் நேராக இல்லாமல் வளைந்திருப்பதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். இந்தக் கட்டிகளைச் செய்ய மேட்டுப்பாளையத்தில் சுவிஸ் கூட்டுடன் ஒரு தொழிற்சாலைகூட இருந்தது. பிறகு 1970களில் கியூபிக் சிர்கோனியா வந்தது. அதன் பிறகு சீனாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் இயந்திரம் தீட்டிய கற்கள் மூட்டையாக வந்து இறங்கின. திண்ணைகளில் சுழன்ற தட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. அப்படி நின்ற ஒன்றைத்தான் நான் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கினேன். அது யாருடையது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற சிற்றறையில் நாலு வருஷமாக இதைச் செய்கிறேன். நான் பட்டை தீட்டுவதில்லை. மேலே குவிந்து, அடியில் தட்டையாக, ஓர் அரைமுட்டை போல உருட்டி எடுக்கிற வடிவம் என்னுடையது. கேபோஷான் என்பார்கள், தலை என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. நம் கோயில் நகைகளின் கெம்புக் கற்கள் இந்த வடிவம்தான். எனக்குக் கிடைப்பது காங்கேயம் பக்கத்துச் சந்திரகாந்தக் கல். (ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு ஒரு தகவல்: வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய நாவலின் பெயர்தான் 'சந்திரகாந்தம்'. அதில் வருகிற கல்லோ மஞ்சள் வைரம். பி.ஏ. தேர்வில் நான் இதை எழுதி அரை மதிப்பெண்கூட வாங்கவில்லை.)

சந்திரகாந்தத்துக்குப் பட்டை தீட்டிப் பயன் அதிகமில்லை. அதன் அழகு மேற்பரப்பில் இருப்பதல்ல. இரண்டு வகை ஃபெல்ஸ்பார், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாள்களாக உள்ளே மாறிமாறி அடுக்கியிருக்கின்றன. அவற்றில் ஒளி சிதறி, கல்லைத் திருப்பும்போது பால் போன்ற ஒரு நீலம் உள்ளே நகர்கிறது. கல்லின் அடித்தளம் அந்தத் தாள்களுக்கு இணையாக அமைந்தால் நீலம் உச்சியில் வந்து நிற்கும். கொஞ்சம் சாய்ந்தால் ஓரத்துக்கு ஓடிப்போய், கல் வெறும் மங்கல் கண்ணாடியாகத் தெரியும். ஆகவே முதல் வேலை திசை பார்ப்பது. கல்லை நனைத்து, ஒரே ஒரு விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு அறுத்து, அரக்கைச் சூடாக்கிக் குச்சியின் முனையில் ஒட்டி, ஓரத்திலிருந்து உச்சியை நோக்கித் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். 220ஆம் எண் பொடி, பிறகு 400, 600, 1200. கடைசியில் தோலில் சீரியம் ஆக்ஸைடு. ஒவ்வொரு எண்ணும் முந்தின எண் போட்ட கீறலை அழிக்கத்தான். 220இல் அவசரப்பட்டு விட்டுவைத்த ஒரு கீறல் 600 வரை ஒளிந்திருந்துவிட்டு, மெருகு ஏறும்போது தலைகாட்டும். திரும்ப 220க்குப் போக வேண்டியதுதான். கல்லும் சாது அல்ல. இரண்டு திசைகளில் சட்டென்று பிளக்கிற சுபாவம் அதற்கு. மூன்று வாரம் தேய்த்த கல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டாகிவிடும்.

இதையெல்லாம் நான் ஒரு பெருமையோடுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், மற்றவர்களிடமும் எனக்குள்ளும். விற்பதில்லை. மோதிரத்தில் பதிப்பதில்லை. யாருக்கும் பரிசாகக்கூடக் கொடுப்பதில்லை. வேலை வேலைக்காகவே. இந்தத் தொனி நமக்குப் பழக்கமானது. நம்மைப் போன்ற முன்னூறு பிரதிப் பத்திரிகைகளின் தலையங்கங்கள் ஐம்பது அறுபது வருஷமாகப் பேசி வருகிற தொனி. நம் வட்டத்தில் 'பொழுதுபோக்கு' என்பதைவிட மோசமான வசை கிடையாது. வாராவாரம் தொடர்கதை எழுதிக் காசு வாங்குபவரை நாம் பொழுதுபோக்கு எழுத்தாளர் என்கிறோம். யோசித்துப் பார்த்தால் அவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. திங்கட்கிழமை பக்கம் போய்ச் சேராவிட்டால் வியாழக்கிழமை அவருக்குச் சங்கடம். வங்கியிலும் தபாலாபீஸிலும் கல்லூரியிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கவிதையும் விமர்சனமும் எழுதுகிற நாம்தான் பொழுதைப் போக்குகிறவர்கள். சொல்லை அதன் உரிமையாளர்களிடமிருந்து பிடுங்கி எதிராளியின் மேல் எறிந்திருக்கிறோம்.

விதிவிலக்குகள் உண்டு. சி.சு. செல்லப்பா 'எழுத்து'வை 1959 முதல் 1970 வரை நடத்தினார். பிரசுரித்த புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். அவர் செய்தது பிழைப்புமில்லை, பொழுதுபோக்குமில்லை. ஆனால் அவருடைய கணக்கிலிருந்து நாம் எடுத்துச் செலவு செய்துகொண்டிருக்க முடியாது.

இந்தத் தொனியின் தத்துவ மூலத்தைக் காண்ட்டிடம் காணலாம். 1790இல் வெளிவந்த மூன்றாவது விமர்சன நூலில் கலையையும் கைத்தொழிலையும் அவர் பிரிக்கிற ஒரு பகுதி உண்டு. கலை சுதந்திரமானது, விளையாட்டைப் போல் தன்னிலேயே இன்பமானது. கைத்தொழில் கூலிக்கானது, தன்னளவில் இன்பமில்லாதது, பயனால் மட்டுமே ஒருவனைக் கவர்வது என்பது அவர் வாதம். படிக்காமலே நாமெல்லோரும் காண்ட்டியர்கள். அந்த ஏ.டி.எம். வாசல்வரைக்கும் நானும்.

ரஸ்கினின் விஷயம் இதைவிடச் சிக்கலானது. காந்தியை மாற்றிய ரஸ்கின்தான். 1853இல் வந்த 'வெனிஸின் கற்கள்' இரண்டாம் தொகுதியில், காதிக் கட்டடக் கலை பற்றிய அத்தியாயத்தில், கண்ணாடி மணி வாங்குகிற பெண்கள் அடிமை வியாபாரத்தில் பங்கெடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்தபடியாக ரத்தினக் கல்லுக்கு வருகிறார். சாதாரணமாகக் கல் தீட்டுவதற்கு முழு மனமும் தேவைப்படுவதில்லை. குறைகளைத் தவிர்க்கிற சாமர்த்தியம் போதும். ஆகவே விலைமதிப்புக்காக மட்டும் தீட்டிய கல்லை அணிகிறவர் எவரும் அடிமைகளை விரட்டி வேலை வாங்குகிறவரே என்பது அவர் முடிவு. கல்லூரியில் இதைப் படித்தபோது எழுந்து நிற்கத் தோன்றியது எனக்கு. மனமும் கையும் பிரிந்த உழைப்பு மனிதனை ஊனப்படுத்துகிறது என்ற அவருடைய கோபம் இன்றும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

ஆனால் ரஸ்கின் சொல்கிறபடி பார்த்தால் கறைபடாமல் கல் தீட்டக்கூடிய ஒரே ஆள் நான்தான். திசை பார்ப்பதும் நானே, தேய்ப்பதும் நானே, விலை கிடையாது, வாங்குகிறவரும் கிடையாது. மொத்த மனமும் ஈடுபடுகிறது. ஒரு வாதம் என்னை மட்டும் நல்லவனாக மிச்சம் வைக்கிறது என்றால் அந்த வாதத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்பது வங்கியில் கற்றுக்கொண்டது. கணக்கு ஒரே தடவையில் நேரானால் அதிகாரி இன்னொரு முறை கூட்டச் சொல்வார். ரஸ்கினின் தகப்பனார் ஷெர்ரி மது வியாபாரி. அந்தச் செல்வம்தான் மகனுக்குத் தாதுக்களைச் சேகரிக்கவும் சிந்திக்கவும் ஓய்வு கொடுத்தது. 1887இல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு ஒரு பெரிய வைரத்தையும் ஒரு மாணிக்கத்தையும் கொடுத்தார். இரண்டும் தீட்டாதவை. கொள்கைக்கு முரண்படாத மனிதர்தான். என் ஓய்வுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்த்தேன். பதில் என் மேசையிலேயே இருந்தது.

நான் பெரும்பாலும் நகைக்கடன் பிரிவில் உட்கார்கிறேன். நகை மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து நிறுத்துச் சொல்வார், நான் பதிவு செய்வேன். மொத்த எடை. கல் எடை கழிவு. நிகர எடை. கல் எதுவானாலும் ஒன்றுதான், கழிவுதான். அட்டிகையில் எட்டுக் கெம்பு இருந்தால் எட்டின் எடையையும் உத்தேசமாகக் கழித்துவிட்டுப் பொன்னுக்கு மட்டும் கடன். ஒரு நாளில் முப்பது நாற்பது தடவை நான் 'கல் எடை நீங்கலாக' என்று எழுதுகிறேன். தோட்டைக் கழற்றிக் கொடுக்கிற பெண்களில் சிலர், "அது நல்ல கல்லு சார்" என்று சொல்லிப் பார்ப்பார்கள். நான் சிரித்துவிட்டுக் கழிப்பேன். அந்தக் கல்லுக்குள் இருக்கிற ஒரு கூட்டம் மனிதர்களின் வேலை எங்கள் தராசில் குறைக்கிற எடை மட்டுமே. அந்தக் கழிவை நாள் முழுக்க எழுதிச் சம்பளம் வாங்கி, அதில் பொடியும் தோலும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வேலைக்காகவே வேலை செய்கிறேன்.

பெரியவர் ஒரு நாள் காலை வீட்டுக்கு வந்தார். கூப்பிட்டது நான்தான். ஏழு மணிக்குக் காவல் முடிந்து, பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி நேராக வந்திருந்தார். மாடிப்படி ஏறியதும் தட்டை விரலால் சுழற்றிப் பார்த்தார். லேசாக ஆடுகிறது என்றார். பிறகு நான் மெருகுவரை கொண்டுவந்திருந்த சந்திரகாந்தத்தைக் குச்சியோடு எடுத்து, ஜன்னலின் டியூப்லைட் பிரதிபலிப்பு கல்லின் மேல் ஓடும்படி மெதுவாகச் சாய்த்தார். வெளிச்சக் கோடு வழுக்கிக்கொண்டு போய் ஓர் இடத்தில் நொடித்தது. எனக்கு அது தெரிந்திருந்தது. ஒரு மாதமாகத் தெரிந்திருந்தது.

"இங்க தட்டையா இருக்கு."

"ஆமாங்க ஐயா. சரி, போகட்டும்னு விட்டுட்டேன்."

"எத்தன நாளு வேல இது?"

"மூணு வாரம் இருக்கும்."

"யாருக்கு?"

யாருக்கும் இல்லை என்றேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப எப்ப முடியும்?" என்று கேட்டார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அவருடைய தொழிலில் ஒரு கல் முடிவது வியாபாரி அதை எடுத்துக்கொள்ளும்போது. பெரிய கடைவீதிப் பக்கத்திலிருந்து எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள். பட்டை ஒன்று சரிந்திருந்தால் கல் திரும்பி வரும், அல்லது கூலி குறையும். அது கொடுமையான முடிவாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அவருடைய கைக்கு வெளியே, அவர் சமாதானம் சொல்ல முடியாத இடத்தில் ஓர் அளவு இருந்தது. என்னுடைய அளவு என் சட்டைப் பையில் இருக்கிறது. தட்டையான இடத்தை நான் பார்த்தேன், நானே மன்னித்தேன். கூலி இல்லாத வேலைக்கு நேர்மை தானாகவே வந்துவிடும் என்ற நம் நம்பிக்கையின் ஓட்டை இது. நம் கட்டுரைகள் திரும்பி வருவதில்லை. ஆசிரியர் நண்பர், வாசகர்கள் நண்பர்கள், மதிப்புரை எழுதுகிறவரின் தொகுப்புக்கு அடுத்த இதழில் நாம் எழுதுவோம். வெளிச்சக் கோடு நொடிக்கிற இடம் எல்லோருக்கும் தெரியும். சரி, போகட்டும்.

அவர் உட்கார்ந்தார். கேட்காமலே மோட்டாரைப் போட்டார். "தண்ணி கொஞ்சம் கூட விடுங்க" என்றார். அடுத்த இருபது நிமிஷத்தில் அது ஒன்றுதான் அவர் சொன்னது. 600க்குப் போய், அங்கிருந்து 1200, பிறகு தோல். கல்லை அவர் அழுத்தவே இல்லை. தட்டின் மேல் அதை வைத்து மறந்துவிட்டதைப் போல மணிக்கட்டு மட்டும் ஊசலாடியது. முழு மனமும் தேவைப்படாத வேலை என்று ரஸ்கின் சொன்னது இதைத்தானா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிகிறதா என்றும் பார்த்தேன். தெரிந்திருந்தால் ரஸ்கினுக்கு எதிராக எனக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கும். காண்ட்டுக்கு எதிராகவும். ராத்திரி முழுக்கத் தூங்காத ஒருவருடைய முகத்தில் நான் ஒரு வாதத்துக்கான ஆதாரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

முடித்தபின் கல்லை ஜன்னல் பக்கம் நீட்டினார். கோடு எங்கும் நொடிக்காமல் ஓடியது. நீலம் உச்சியில் வந்து நின்றது. "இதுக்கு ஒரு கண்ணு இருக்கு சார்" என்றார். "நாங்க கடைசியா தேய்ச்ச கல்லுக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான்." கியூபிக் சிர்கோனியாவைப் பற்றி இதைவிடச் சரியாகப் பாடப்புத்தகத்தில் எழுத முடியாது, கனசதுரப் படிகத்தில் ஒளிக்கு எல்லாத் திசையும் சமம். அடிப்பக்கத்தைச் சமன்படுத்திவிட்டு அரக்கிலிருந்து கழற்றுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார். காப்பி குடித்தார். படியிறங்கும்போது இருமினார்.

அந்த இருமலுக்கு நான் அர்த்தம் கற்பிக்கக் கூடாது. தூக்கம் விழித்தவர்களும் இருமுவார்கள். ஆனால் கல் தேய்க்கிறவனுக்குக் காதில் விழுகிற சத்தம் அது. குஜராத்தில் காம்பத் ஊரில் அகேட் கல் தேய்க்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சிலிக்காத் தூள் படிந்து நுரையீரல் இறுகிப்போய்ச் சாகிறார்கள். பக்கத்து வீட்டில் இருப்பவர்களுக்கும் வருகிறது. அந்த மணிகளைக் கோயில் வாசல்களில் மாலையாக விற்கிறார்கள். ஸ்பினோஸா வில்லை தேய்த்தார் என்றால் நம் கவிஞர்களுக்கு உடனே ஒரு பரவசம் வந்துவிடுகிறது. 1673இல் ஹைடல்பெர்க் பேராசிரியர் பதவியை மறுத்தவர். 1677இல், நாற்பத்துநாலு வயதில், மார்பு நோயில் செத்தார். கண்ணாடித் தூளும் காரணமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். நான் முகமூடி போட்டுக்கொள்கிறேன். தண்ணீர் சொட்ட ஒரு குழாய் வைத்திருக்கிறேன். அலுத்துப்போனால் நிறுத்திவிடுகிறேன். பொழுதுபோக்கு என்பதற்கு என்னால் தரமுடிந்த சரியான விளக்கம் இந்தக் கடைசி வாக்கியம்தான்.

அவருக்கு நான் காசு கொடுக்கவில்லை. கொடுப்பதா என்று யோசிக்கவும் இல்லை; அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் தோன்றியது. கவிஞர் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். கொடுத்திருந்தால் அவமானமாகியிருக்கும், ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்குச் செய்தது அது என்றார். கேட்க நன்றாக இருந்தது. என் கட்டுரையை நண்பர் திருத்திக் கொடுத்தால் நான் காசு கொடுப்பதில்லை, உண்மை. அவருக்கும் முதல் தேதி சம்பளம் வருகிறது. கொடுக்கல் வாங்கலைக் கணக்குக்கு வெளியே வைக்க இருவருக்கும் கணக்கு ஓரளவு நேராக இருக்க வேண்டும். பெரியவர் தன் தூக்கத்திலிருந்து எடுத்து எனக்குக் கொடுத்தார். நான் என் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு டம்ளர் காப்பி கொடுத்தேன்.

சரி, எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும்? அவருடைய பழைய விகிதப்படி என்றால் ஒரு கல்லுக்குப் பைசாக் கணக்கு. காவல் சம்பளத்தை நேரத்தால் வகுத்தால் இருபது நிமிஷத்துக்குப் பத்துப் பதினோரு ரூபாய். என் சம்பளத்தில் இருபது நிமிஷம் எண்பது ரூபாயைத் தாண்டும். இருபத்தாறு வருஷத்தின் விகிதத்தை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை. மூன்று தொகைகளையும் ஒரு செலான் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறு மாதம் ஒப்பந்தக்காரர் ஆளை மாற்றிவிட்டார். இப்போது வாசலில் ஓர் இளைஞன், செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறான். பெரியவரை எங்கே போட்டார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கல் இன்னும் குச்சியில்தான் இருக்கிறது; அடிப்பக்கம் சமன்படுத்தவில்லை. அவருக்கு எங்கள் கிளையிலேயே கணக்கு உண்டு, காவல்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. ஒரு மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் அவர் பெயரைப் போட்டுத் திரையைத் திறந்தேன். ஏதாவது ஒரு தொகையை வரவு வைத்துவிடலாம், யார் போட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது எண்ணம். இருப்பு எவ்வளவு என்பது கண்ணில் பட்டது. பார்த்திருக்கக் கூடாது. மூடிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். தோடு ஒரு ஜோடி, சிவப்புக் கல் வைத்தது.